மிட்டாய்த் தாளும் முதல் பூவும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அத்தை எழுதிவிடுவாள். ஒரு வருஷம் அவள் காதுக்குப் போகாமல் பொத்தி வைத்திருந்தேன், நேற்று எட்டிவிட்டது. அவளுக்கு எட்டினால் உலகத்துக்கு எட்டின மாதிரி.

போன வருஷம் குளிர் விடுகிற சமயத்தில், பதினோரு பேர் சுற்றி நிற்க, நான் ஒரு மிட்டாய்த் தாளின் முன்னால் மண்டியிட்டு ஆனந்தக் கண்ணீர் விட்டேன்.

சிரித்து முடித்தாயா? இனிமேல் கேள். எங்கள் நடைக் குழுவைத்தான் உனக்குத் தெரியுமே, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே போய்க் காட்டுப் பூ தேடுகிற கூட்டம். சிலர் மூட்டு வலிக்காக வருகிறார்கள், சிலர் வம்புக்காக வருகிறார்கள், நான் இரண்டுக்காகவும் போகிறேன். பழைய கல்குவாரிக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. வருஷத்தின் முதல் பூ அங்கேதான் வரும். சருகுப் பூ என்போம். இரண்டு விரல் உயரம், வெளிறிய நீலம். மற்ற பூவெல்லாம் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போதே எழுந்து வந்து நிற்கிற அவசரக்குடுக்கை. அதை முதலில் கண்டுபிடிக்கிறவர் பெயரைத் தேதியோடு படிப்பகத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். நாற்பத்தோரு வருஷமாக எழுதுகிறார்கள்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை நான் தனியாகப் போய்ப் பார்த்து, ஓடிவந்து என் பெயரை எழுதவைத்தேன். மறுநாள் எல்லோரையும் கூட்டிப்போனேன். குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். கிட்டப் போகப் போக அது இன்னும் நன்றாகப் பூவாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அழுகை. பதிவேட்டை வைத்திருக்கும் படிப்பக அம்மா இரண்டு விரலால் அதைப் பிடித்து மெதுவாக இழுத்தார். புதினா மிட்டாய்த் தாள். அன்று மாலையே என் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள்.

சிரிப்பு இதோடு முடிந்தது. குழுவின் செயலாளர்தான் மில்லில் எங்கள் துணிச் சோதனை அறைக்கும் மேற்பார்வையாளர். யார் பேசினாலும் நடுவில் வெட்டுவார் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். முப்பது வருஷமாக நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். நெய்து வருகிற துணி விளக்குப் பலகை மேல் ஓடும். முடிச்சு, அறுந்த இழை, தடித்த நூல் எதுவானாலும் பிடித்து, அந்த இடத்தில் கரையில் சிவப்பு நூல் கட்டவேண்டும். போன மாதம் நான் சரி என்று அனுப்பிய இரண்டு துணி உருளைகள் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்துவிட்டன. பதினான்கு பெண்கள் முன்னால் கத்தரி சொன்னார்:

“மிட்டாய்த் தாளைப் பூன்னு பார்த்த கண்ணும்மா அது. மார்ச் முடிஞ்சதும் மடிப்பு அறைக்குப் போயிடுங்க. உட்கார்ந்துக்கிட்டே மடிக்கலாம், சுகமா இருக்கும்.”

அக்கா, திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். சுகம் என்றாரே, அதுதான் சுட்டது.

“இந்த வருஷம் பதிவேட்டுல முதல் பேரு என்னோடது சார். இல்லேன்னா நீங்க சொல்லவே வேண்டாம், நானே என் செருப்பைத் தூக்கிக்கிட்டு மடிப்பு அறைக்குப் போயிடறேன்.”

“எழுதிட்டீங்கன்னா சோதனை மேசை உங்களுக்கே” என்று சிரித்துக்கொண்டே போனார். பதினான்கு சாட்சி.

இதுதான் என் நிலைமை. என் வாயே என்னைக் கொண்டுபோய் மாட்டிவைத்தது. உன்னைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. உன் முழங்கால் எப்படி, அத்தானின் இருமல் எப்படி, காலையில் இரண்டில் எது முதலில் எழுந்திருக்கிறது? என் வீட்டுக்காரர் நலம். பேருந்து ஓட்டுகிறார், வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை, ஆக எங்கள் குடும்பம் சுமுகமாகப் போகிறது.

உன்,
வாலு


ஜனவரி 21

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் நான்கு மணிக்கு, இருமல் நாலரைக்கு. மற்றபடி நலம்.

உன் எழுத்து ஏன் சுவர் விளம்பரம் மாதிரி இருக்கிறது? ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரி. தபால்தலைக்குக் கொடுத்த காசு வீண். மிட்டாய்த் தாளுக்கும் இதற்கும் மருந்து ஒன்றுதான்: கண் டாக்டர். இந்த வாரமே போ. போய்விட்டு வந்து என்ன சொன்னார் என்று எழுது. பூ தேடுவதெல்லாம் அப்புறம்.

இங்கே ஆஸ்பத்திரியில் விசேஷம் ஒன்றும் இல்லை. புதிதாக வந்திருக்கும் பெரிய டாக்டர் நடைக்கோடியில் நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் ஓட்டுகிறவர் என்று நினைத்து, ஏன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு நிற்கிறாய் என்று சத்தம்போட்டுவிட்டேன். நல்ல மனுஷர், கதவைச் சாத்தினார்.

நீ துணியோடு பிழைக்கிறவள் என்பதால் கேட்கிறேன்: வெள்ளைப் படுக்கை விரிப்பில் பழைய மஞ்சள் கறை இருந்தால் எதில் ஊறவைக்கலாம்? நிறைய விரிப்பு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். கண்ணைப் பற்றிக் கேட்காதே.

டாக்டரிடம் போகமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், நர்ஸ் மாதிரி கேட்காமல் அக்கா மாதிரி கேள். டாக்டர் பார்ப்பார், ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாள் என் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் கத்தரி கையை நீட்டுவார். இப்போதைக்கு என் கண் மோசம் என்பது அவருடைய அபிப்பிராயம். தாள் வந்துவிட்டால் அது சட்டம். எனக்கென்னவோ முழுக்கக் கெட்டுவிட்டதாகவும் தோன்றவில்லை. தெருக்கோடியில் யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது. என் கையில் இருக்கும் இழைதான் மங்கலாக இருக்கிறது. வம்புக்கு உண்டான கண் வேலைக்கு இல்லை, அவ்வளவுதான்.

பூ தேடுதலைத் தொடங்கிவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் முதல் பேருந்தை ஓட்டுகிறார். விடிகிறபோது குவாரி நிறுத்தத்தில் என்னை இறக்கிவிடுகிறார். மனைவி என்று காட்டிக்கொள்ளாமல் சீட்டு வாங்கச் சொல்கிறார். எட்டு மணிக்குத் திரும்பிவரும் வண்டியில் ஏறி நேராக மில்லுக்குப் போகிறேன். முழங்காலில் மண், தலையில் சருகு. பதினான்கு பெண்களும் என்னைச் சுற்றிவந்து பொறுக்கி எடுக்கிறார்கள், குரங்குக் கூட்டம் மாதிரி.

குழுவினர் தேடுகிற லட்சணத்தைச் சொல்லவேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெயில் விழுகிற பக்கமாக உலாத்திக்கொண்டு, ‘இன்னும் வரலை போலிருக்கே’ என்று சொல்லிவிட்டு ஃப்ளாஸ்கைத் திறக்கிறார்கள். கத்தரி புதிதாக ஒரு தூரநோக்கி வாங்கியிருக்கிறார். இரண்டு விரல் உயரப் பூவை அரை மைலுக்கு அப்பாலிருந்து பார்க்கப்போகிறாராம். நான் சரிவைத் துணியாக நினைத்துக்கொண்டுவிட்டேன். இந்த ஓரத்துப் பாறை ஒரு கரை, அந்த ஓரத்து ஓடை இன்னொரு கரை. நடுவில் கழிவு நூலைக் கட்டி முழ அகலத்துக்குப் பட்டை பட்டையாகப் பிரித்திருக்கிறேன். மொத்தம் அறுபது பட்டை. ஒரு காலைக்கு இரண்டு. துணியில் ஒரு கெஜத்தைக்கூடத் தாண்டிப் போகக்கூடாது, சரிவிலும் அப்படித்தான்.

கறைக்கு எலுமிச்சைச் சாறும் வெயிலும். அது சரி, ஒரு வார்டையே கட்டி ஆள்கிற தலைமை நர்ஸுக்கு விரிப்புக் கறையோடு என்ன சகவாசம்?

வாலு


பிப்ரவரி 10

வாலுக்கு,

எலுமிச்சை வேலை செய்கிறது. நன்றி. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நலம்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்றால் என் பேருந்துச் சீட்டைக் காவியம் என்று சொல்லவேண்டும். என்ன கோபம் உனக்கு?

இங்கே இரண்டாவது மானக்கேடு, இது இன்னும் அத்தைக்குத் தெரியாது. திங்கட்கிழமை பதினெட்டாவது பட்டையில் பார்த்தேன், நீலம். வெளிறிய நீலம், சருகுக்கு நடுவில், பனித்துளியோடு. எழுந்து ஓடப்போனேன். என் காலை நானே பிடித்து நிறுத்தி, மறுபடி உட்கார்ந்து, விரலை நீட்டித் தொட்டேன். நொறுங்கியது. பறவை முட்டை ஓடு. யாரும் பார்க்கவில்லை, ஒரு காக்கையைத் தவிர. அது அத்தைக்குச் சொந்தம் இல்லை என்று நம்புகிறேன்.

அன்றைக்கே மில்லில் கத்தரி என் பக்கத்தில் வந்து நின்றார். துணி ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் கையை வைத்து நிறுத்தினார். அவரே சிவப்பு நூலை எடுத்துக் கரையில் கட்டிவிட்டுப் போனார். அறுந்த இழை, ஒரு ஜாண் நீளம். அக்கா, அது என் மூக்குக்கு நேராகத்தான் போயிருக்கிறது.

அன்று சாப்பிடும் நேரத்தில் மடிப்பு அறைப் பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். நல்ல அறைதான். சன்னல் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, மெத்தைகூடப் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஆறு பேர் மடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் சண்டைபோடவில்லை. திரும்பிவந்து மேசையை ஒரு தடவை தட்டிக்கொடுத்தேன், மாட்டைத் தட்டுகிற மாதிரி. இதை விட்டுத் தரமாட்டேன். அறுபது பட்டையையும் நாக்கால் நக்கித் தேடவேண்டியிருந்தாலும் சரி.

அத்தான் இருமலுக்கு என்ன சாப்பிடுகிறார்? நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் கேள்விக்கு இரண்டு வரியாவது எழுது.

வாலு


பிப்ரவரி 25

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நலமும் விசாரிக்கப் போவதில்லை, ஏனென்றால் நீ உண்மையைச் சொல்லமாட்டாய்.

அத்தை வந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் மற்றவர்களைப் பற்றிப் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது, “உங்க அக்காவை வார்டுலேருந்து எடுத்து விரிப்பு அறையில போட்டுட்டாங்களாமே, நாலு மாசம் ஆச்சாமே, பாவம்” என்றாள். அவள் பாவம் என்று சொன்ன அழகைப் பார்க்கவேண்டும், வாய் முழுக்க இனிப்பு.

இருபத்தெட்டு வருஷம் வார்டில் நின்றவளை விரிப்பு எண்ண அனுப்பியது யார்? பெயரைச் சொல். அந்த லிஃப்ட் டாக்டரா? நான் இங்கே ஒரு மேசைக்காக மண்ணில் உருண்டுகொண்டிருக்கிறேன், நீ அங்கே எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்கிறாயா? எனக்குச் சொல்லாமல்? நான் வேலையை விட்டுவிட்டு வண்டி ஏறி வந்து அந்த ஆஸ்பத்திரி வாசலில் உட்காருவேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

வாலு


மார்ச் 6

வாலுக்கு,

வாசலில் வந்து உட்காராதே. என்னை யாரும் அனுப்பவில்லை. நானே எழுதிக்கொடுத்துப் போனேன்.

அக்டோபரில் ஒரு மாலை, ஆறாம் படுக்கைக்குக் கொடுக்கவேண்டிய மாத்திரையை எட்டாம் படுக்கைப் பெரியவர் கையில் வைத்துவிட்டேன். கால்மாட்டுப் பலகையில் எட்டு என்றுதான் எழுதியிருந்தது. எனக்கு ஆறாகத் தெரிந்தது. முகமும் தெளிவாகத் தெரியவில்லை. அவர்தான், “சிஸ்டர், எனக்கு மஞ்சள் மாத்திரை கிடையாதே” என்றார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாள் காலையில் முழங்கால் வலி என்று காரணம் எழுதிக்கொடுத்து, விரிப்பு அறை கேட்டேன்.

உன்னைக் கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். நான் போகவில்லை. இங்கே இரண்டாம் மாடியிலேயே கண் பிரிவு இருக்கிறது. படிக்கட்டு வரை மூன்று தடவை போயிருக்கிறேன்.

இதைப் பற்றி இனிமேல் எழுதாதே. விரிப்பு அறை வசதியாகத்தான் இருக்கிறது. உன் மடிப்பு அறை மாதிரியே, சன்னலும் நாற்காலியும்.

அத்தானுக்கு இருமல் தேவலை.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதிவிட்டார்கள். பதிவேட்டில், நீல மையால், என் பெயர், தேதி மார்ச் 8. முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடி.

உன் கடிதம் முந்தாநாள் மாலை வந்தது. படித்தேன். எழுதாதே என்று சொன்னதைப் பற்றி எழுதவில்லை. ஆனால் ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், அவரையே பேசவைத்துவிட்டாய்.

நேற்று விடியற்காலையில் அந்தப் பல் கடிப்போடுதான் குவாரியில் இறங்கினேன். பார்த்தால் மூடுபனி. என் காலே எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு அற்பத் திருப்தி: இன்றைக்குக் கத்தரியின் கண்ணும் என் கண்ணும் ஒன்று. முப்பத்தோராவது பட்டைக்குப் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பனி படிந்துவிட்டது. துடைத்தேன், மறுபடி படிந்தது. போய்த் தொலை என்று கழற்றிப் பையில் போட்டேன். கையுறையையும் கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டேன். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமாம். எனக்கு அன்றுதான் விடிந்தது.

மில்லில் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் கண் இல்லை, கை. ஓடுகிற துணிக்கு அடியில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்ளவேண்டும். முடிச்சு வந்தால் விரல் நின்றுவிடும். மூளைக்குச் சேதி அப்புறம்தான் போகும். விளக்குப் பலகை வந்த பிறகு எல்லோரும் கையை மறந்துவிட்டோம். நேற்று அந்தக் கையைச் சருகுக்கு அடியில் விட்டேன். சருகு சருகாக இருந்தது, கல் கல்லாக இருந்தது, ஒரு புழு தன் வேலையாகப் போனது. முழங்காலால் நகர்ந்தேன். கரையிலிருந்து கரைக்கு, ஒரு பட்டை. அடுத்த பட்டை. மூன்றாவதில் பாதி தூரம் போயிருப்பேன், சுண்டுவிரல் நின்றது.

மெல்லியது, வழவழப்பானது, குளிர்ந்தது. வளைகிறது, ஆனால் நொறுங்கவில்லை. இழுத்துப் பார்த்தேன். மிட்டாய்த் தாளாக இருந்தால் வந்திருக்கும். இது வரவில்லை, தரையைப் பிடித்துக்கொண்டிருந்தது, கடன்காரி மாதிரி. சருகை ஒவ்வொன்றாக எடுத்தேன். அடியிலேயே பூத்துவிட்டிருக்கிறது, அக்கா. வெளியே தலையை நீட்டவேயில்லை. இதழ்கூட விரிந்துவிட்டது. பக்கத்தில் இன்னும் இரண்டு மொட்டு. மேலே நின்று எத்தனை கண் பார்த்தாலும், தூரநோக்கி வைத்தே பார்த்தாலும், ஒரு வாரத்துக்குத் தெரிந்திருக்காது.

இந்தத் தடவை அழவில்லை. சருகை மறுபடி மூடி, பக்கத்துக் குச்சியில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் படிப்பக அம்மாவை எழுப்பப் போனேன். அவர் கத்தரியையும் வரவழைத்தார். செயலாளர் பார்க்காமல் எழுதக்கூடாதாம். பத்து மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். பனி விலகிவிட்டது. கத்தரி சரிவை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்கம்மா? ஒண்ணையும் காணோமே.”

“காலை அசைக்காதீங்க சார். உங்க இடது ஷூவுக்கு நாலு விரல் தள்ளி.”

சருகை எடுத்தேன். படிப்பக அம்மா குனிந்து, இரண்டு விரலால் பிடித்து, மெதுவாக இழுத்துப் பார்த்தார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் தலையை ஆட்டினார்.

கத்தரி மூக்கைச் சொறிந்தார். “தடவிக் கண்டுபிடிச்சிருக்கீங்க. பார்த்துக் கண்டுபிடிக்கிறதுதான் முறை. இது கணக்குல—”

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் அவர் பேச்சை வெட்டினேன்.

“நம்ம துணியை வாங்கறவங்க சுவத்துல மாட்டிப் பார்த்துக்கிட்டா இருக்கப்போறாங்க சார்? உடம்புல போடப்போறாங்க. முடிச்சு இருந்தா உடம்புக்குத்தான் தெரியும். அவங்க உடம்புக்குத் தெரியறதுக்கு முன்னாடி என் கைக்குத் தெரியும். நான் எந்த அறைக்கும் போகலை.”

படிப்பக அம்மா பையிலிருந்து பேனாவை எடுத்தார். “நாப்பத்தோரு வருஷத்துல இவ்வளவு சீக்கிரமா, மார்ச் எட்டுக்கே, யாரும் எழுதினதில்லை. செயலாளர் கையெழுத்துப் போடறீங்களா, இல்ல மறுத்துட்டீங்கன்னு அதையும் எழுதிக்கவா?”

போட்டார்.

கண் இல்லாவிட்டாலும் ஜெயிக்கலாம் என்று உனக்குக் காட்டத்தான் அந்த முப்பத்தோராவது பட்டையில் உட்கார்ந்தேன். எழுதாதே என்றாய், எழுதிவிட்டேன். உன் வார்டைத் திருப்பிக் கேள்.

வாலு


மார்ச் 18

வாலுக்கு,

உன் கடிதத்தை விரிப்பு அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாங்கள் மூன்று பேர். தையல்காரம்மா கைதட்டினார். ‘கடன்காரி மாதிரி’ வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார்கள்.

பெருமையாக இருக்கிறது. ஆனால் வார்டு துணி இல்லை. ஆறாம் படுக்கையா எட்டாம் படுக்கையா என்று நான் முகத்தைத் தடவிப் பார்த்து மருந்து கொடுக்கமுடியாது. நீ ஒரு முடிச்சை விட்டால் துணி திரும்பி வரும். நான் விட்டால் திரும்பி வராது.

பயமாக இருக்கிறது. இதை அத்தானிடம்கூடச் சொன்னதில்லை.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் முடிந்தது. நான் என் மேசையில்தான் இருக்கிறேன். மேசையும் நானும் நலம்.

கத்தரி சும்மா விடவில்லை. திரும்பி வந்த உருளை ஒன்றை எடுத்துவந்து என் பலகையில் ஏற்றினார். விளக்கை அணைக்கச் சொன்னேன். பதினான்கு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை அடியில் வைத்தேன். வாங்கியவர்கள் அனுப்பிய புகார்ச் சீட்டில் ஏழு குறை. நான் ஒன்பது நூல் கட்டினேன். கத்தரி விளக்கைப் போட்டு ஒன்பதையும் எண்ணினார், இரண்டு தடவை. “அது சரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. அன்றிலிருந்து நான் விளக்கில்லாமல்தான் வேலை செய்கிறேன். இரண்டு பெண்கள் என்னிடம் கை வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது என் நிபந்தனை. எந்தத் தாள் வந்தாலும் என் மேசை போகாது. அதனால் இனி டாக்டரைப் பார்த்து எனக்குப் பயம் இல்லை. நீயும் நானும் போவோம். நீ முதலில், மூத்தவள் என்பதால். அந்தப் படிக்கட்டில் மூன்று தடவை நின்றவளுக்கு நான்காவது தடவை ஏறத் தெரியாதா? கண் போயிருந்தால் போயிருக்கட்டும். என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மிச்சத்தை வைத்துச் சண்டைபோடுவோம். ஏறவில்லை என்றால் அத்தையை உன் வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பிவைப்பேன். பெட்டிகூடக் கட்டிவிட்டாள்.

வாலு


ஏப்ரல் 19

வாலுக்கு,

அத்தை வேண்டாம். நேற்று இரண்டாம் மாடிக்குப் போனேன். உன்னைத் திட்டிக்கொண்டே ஏறினேன், அதனால் மூச்சு வாங்கியது தெரியவில்லை. முழங்காலும் இருமலும் நலம்.

கண் டாக்டர் சின்னப் பெண். அரை மணி நேரம் பார்த்தார். என் கண் நான்கு வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறதாம். தூரத்தில் இருப்பது தெரிய அப்போது எந்த அளவுக் கண்ணாடியோ, இப்போதும் அதே அளவு. நான் நம்பவில்லை. பிறகு என் கண்ணாடியை வாங்கி ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார். “இது யாரோடது சிஸ்டர்?” என்றார். அது கிட்டத்தில் இருப்பதைப் படிக்கப் போடுகிற கண்ணாடியாம்.

நாம் இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே மாதிரிச் சட்டம் வாங்கினோம். நாம் கடைசியாகச் சந்தித்தபோது, மாமாவைப் பார்க்கப் போய்த் தங்கினோமே, அன்று இரண்டையும் அவர் வீட்டுக் குளியலறை அலமாரியில் கழற்றி வைத்தோம்.

உன்னுடையதைப் பஞ்சில் சுற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். என்னை அடுத்த திங்கட்கிழமை வார்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் என் கண்ணாடியை அனுப்பிவை. ஒன்றரை வருஷத்துக்கு மேலாக அது உன் மூக்கில் இருக்கிறது.

அக்கா